முளைக்குச்சி

கருணாம்பிகை கூப்பிட்டபோது மணி மூணே கால்.
பூளவாடிக் காற்றாலைக் கட்டுப்பாட்டு அறையில்
டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
"அக்கா, ரெண்டு எடம் இருக்குது.
ராத்திரிக்கு எதுல நிக்கட்டும்?"

கடலை நான் பார்த்தது ரெண்டே தடவை.
அதில் ஒரு தடவை செருப்பைப் பறிகொடுத்தேன்.
ஆனாலும் கேட்பது என்னிடம்தான்:
பொன்னானிக்கு வடக்கே எங்கோ
முப்பதடிப் பாய்மரப் படகில்
அவளும் பெனடிக்டும் ஒழுகுகிற ஒரு ஸ்டவ்வும்.

முதல் இடம் அழகு. படம் அனுப்பியிருந்தாள்.
வெள்ளை மணல், தென்னை, கண்ணாடித் தண்ணீர்,
உள்ளே ஏற்கெனவே ரெண்டு வெளிநாட்டுப் படகு.
இன்னொன்றில் ஐஸ் ஃபேக்டரி, டீசல் மினுக்கம்,
கருவாடு,
அடியில் சேறு.

சேறு என்ன நிறம் என்றேன்.
ஈயக்குண்டின் அடியில் சோப்பை அப்பி
இறக்கி எடுத்துப் பார்த்துவிட்டு
"கறுப்புங்க்கா" என்றாள்.

குடிமங்கலத்துக் கரிசலில்
மழைநாள் நடந்தவளுக்கு அதுவே போதும்.
எட்டுக்கு ஒரு கிலோ காலில் ஏறும்.
செருப்பு அங்கேயே நிற்கும், ஆள் மட்டும் போவாள்.
மணல் அப்படியில்லை,
கேட்டதும் கொடுத்துவிடும்.

"இப்ப வடமேக்குக் காத்து, மணல் பக்கம் சொகமாத்தான இருக்குது?"
இப்போதைய காற்றை வைத்தா
ராத்திரிக்கு இடம் பார்ப்பார்கள்?
என் திரையில் நூற்றுப்பன்னிரண்டு காற்றாலைகள்
கிழக்கே முகம் வைத்து நின்றன.
தை மாதத்துக் காற்று.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து
பத்து மணிக்குமேல் உன் தலைமாட்டுக்கு வரும்.
வந்ததும் படகு திரும்பும்,
கடலைப் பார்த்த மூக்கு கரையைப் பார்க்கும்.
அப்போது வால் போய் நிற்கிற இடத்தில்
என்ன இருக்கிறது, பார்த்தாயா?

கொறங்காட்டில் எருமைக்கு முளையடிக்கிறபோது
அது நிற்கிற இடத்தையா பார்க்கிறோம்?
கயிறு எட்டுகிற வட்டம் முழுக்க நடக்கிறோம்,
மொட்டைக் கிணறு உண்டா,
கிளுவை வேலியில் கயிறு சிக்குமா,
பக்கத்து முளையின் எருமை கொம்பை நீட்டுமா என்று.
ஆழத்தைப்போல் அஞ்சு மடங்கு சங்கிலி விடு,
விடுமுன் அந்த வட்டத்தை நடந்து வா.

படகால் நடந்தாள்.
உள்வட்டம் வந்தவர்களுடையது, மீந்தது வாய்ப்பக்கம்.
அங்கே தண்ணீருக்கு ஒரு முழம் கீழே
கறுத்த முதுகு ஒன்று படுத்திருந்தது.
கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

ஐஸ் ஃபேக்டரிக்கே போ.
வெளிச்சம் இருக்கும்போதே போ.
போகிற வழியை எண்ணிக்கொண்டே போ,
ராத்திரி கண்ணைக் கட்டினாற்போல
அதே வழியில் திரும்ப நேரலாம்.
நங்கூரம் விழுந்ததும் எஞ்சினைப் பின்னுக்கு இழு.
சங்கிலிமேல் கையை வை.
பேசினால் இழுபடுகிறது.

அஞ்சு மணிக்குச் செய்தி: "பேசல."

எட்டாம் நம்பர் கியர்பாக்ஸ் சூடேறி
அதோடு மல்லுக்கட்டியதில் அவளை மறந்தேன்.
பதினொன்று பத்துக்கு மறுபடி:
"அக்கா, படகு தரையில உக்காந்துருச்சு."

அமராவதி அணையில் தண்ணீர் அவ்வளவு இறங்க
ரெண்டு மாசமாகும்.
கடலுக்கு ஆறு மணி நேரம்.
மூணு மீட்டர் ஆழம் என்றாளே,
எந்த நேரத்து மூணு என்று
காற்றையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்கவில்லை.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
அவள் சிரித்தாள்.
"சேறுதான, மெத்தையாட்டம் இருக்குது.
பெனடிக்ட் சாஞ்ச படுக்கையிலயே சாஞ்சு தூங்குறாரு.
வெடியறதுக்குள்ள தண்ணி வந்துரும்.
கெழக்குக் காத்து வந்துருச்சுக்கா, நெம்பச் சில்லுனு."

திரையைப் பார்த்தேன். நொடிக்கு ஒம்பது மீட்டர்.
எங்களைத் தாண்டிப் போனதுதான்.

"அதுல எருமைச் சாணி வாசம் வருதா?"

"கருவாடுதான் வருது" என்று வைத்துவிட்டாள்.